ஒரு வாய்த் தண்ணீர்

என் மருமகள் சத்தியப்பிரியாவுக்குக் காரைக்குடியில் ஆபரேஷன் செய்து ஆண் குழந்தை பிறந்தது. பிறந்த அன்றே எனக்குப் பயம் பிடித்துவிட்டது. பால் குடிக்கும்போது குழந்தையின் நெற்றி வேர்த்தது. மார்கழி மாதம், காலையில் எழுந்தால் நமக்கே காது மடல் சில்லிடுகிறது. அந்தக் குளிரில் பிறந்த சிசு ஏன் வேர்க்க வேண்டும்? அழுதால் மேலுதடு நாவல் பழம் தின்ற வாய்போலக் கறுத்தது. டாக்டரம்மாவிடம் சொன்னேன். நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, "இன்னும் ஒரு நாள் பார்ப்போம் சார். சில பிள்ளைகளுக்கு அப்படித்தான் இருக்கும், தானா சரியாயிரும்" என்றார்.

பார்ப்போம் என்று சொல்லும் டாக்டர்களை நான் நம்புவதில்லை. என் தம்பி ஒருவன் இப்படித்தான் வேர்த்து வேர்த்துப் பிறந்த மறுநாளே செத்தான். பங்குச் சாமியார் வேறு ஊருக்குப் பூசைக்குப் போயிருந்தார். ஞானஸ்நானம் ஆகாத பிள்ளை என்று கல்லறைத் தோட்டத்துக்குள் அவனை விடவில்லை. மதிலுக்கு வெளியே, கள்ளிப் புதருக்குப் பக்கத்தில் ஓலைப்பாயில் சுற்றிப் புதைத்தார்கள். என் அம்மா சாகும்வரை கல்லறைத் திருநாளன்று மதிலுக்கு இந்தப் பக்கம் ஒரு மெழுகுவர்த்தி, அந்தப் பக்கம் ஒரு மெழுகுவர்த்தி என்று ஏற்றினாள். இப்போது சபையின் சட்டம் அப்படி இல்லை என்று சாமியார்கள் சொல்கிறார்கள். சட்டம் மாறலாம். நான் பார்த்த கள்ளிப்புதர் மாறவில்லை.

ஆகவே குழந்தையின் உதடு கறுக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரே நினைப்புத்தான். தலையில் கொஞ்சம் தண்ணீர், வாயில் நாலு வார்த்தை. அவசரத்துக்கு யார் கொடுத்தாலும் அது ஞானஸ்நானம்தான். நானே கொடுக்கலாம். ஆனால் கொடுக்க முடியாது. வாக்குக் கொடுத்திருந்தேன்.

சத்தியப்பிரியா எங்கள் வேதத்து ஆள் இல்லை. அவளுடைய அப்பா கருத்தையா புதுவயல் பக்கம் நிலபுலம் உள்ளவர், மில்லுகளுக்கு நெல் வாங்கிக் கொடுக்கும் வியாபாரமும் உண்டு. என் மகன் அருள் பிரகாஷும் அவளும் சிவகங்கையில் படிக்கும்போது பழகி, இரண்டு வீட்டுக் கதவையும் இடித்து, கடைசியில் பதிவாளர் அலுவலகத்தில் மாலை மாற்றினார்கள். அதற்கு முன் நடந்த பேச்சில், பிறக்கிற பிள்ளை யாருக்கு என்ற கேள்வி வந்தது. குலசாமி ஐயனார் கோயிலில் முடியிறக்க வேண்டும் என்றது அவர்கள் பக்கம். நான்தான் எழுந்து நின்றேன்.

"முடியிறக்கவும் வேண்டாம், ஞானஸ்நானமும் வேண்டாம். பிள்ளை வளர்ந்து தன் வாயால கேக்கட்டும். அதுவரைக்கும் நாங்களும் தொடமாட்டோம், நீங்களும் தொடக் கூடாது" என்றேன்.

கருத்தையா சம்மதித்து எதிர்வாக்குக் கொடுத்தார். அவருடைய பங்காளி உடையப்பன் சாட்சிக்கு இருந்தார். ஹெட்மாஸ்டர் செபஸ்தியான் சொன்னால் சொன்னதுதான் என்று கல்லல் வட்டாரத்தில் ஒரு பெயர் உண்டு. என் அப்பாவுக்கும் அந்தப் பெயர் இருந்தது. நாங்கள் சேர்த்த சொத்து அது ஒன்றுதான்.

அந்த ஆஸ்பத்திரியில் குழந்தைகளைக் குளிப்பாட்ட வேறு அறைக்குத் தூக்கிப் போவதில்லை. தாய் படுத்திருக்கும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே டப்பைக் கொண்டுவந்து வைத்து, தகப்பனையும் கூட நிறுத்தித்தான் குளிப்பாட்டுவார்கள். "எங்க கையில இருக்கிற பிள்ளை உங்க கண்ணுல இருக்கணும்" என்பது டாக்டரம்மா வைத்திருந்த ஒழுங்கு. பிள்ளையை மாற்றிவிடுவார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு நடக்கிற காலம். எனக்கு அந்த ஒழுங்கு பிடித்திருந்தது. பிள்ளை பிறந்த மறுநாள் காலை அதுவே எனக்கு வினையாக வந்தது.

நர்ஸ் நாகவல்லி நீல நிற டப்பைக் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்தாள். மின்விசிறியை நிறுத்தினாள். ஜன்னலைச் சாத்தினாள். வெந்நீரை விளாவி முழங்கையை விட்டுப் பார்த்தாள். கருத்தையாவும் அவர் மனைவி பொன்னழகும் அப்போதுதான் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார்கள்; கூட வந்த உடையப்பன் காபி வாங்கப் போயிருந்தார்.

பொன்னழகு முந்தானையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். "பயத்தமாவு திரிச்சுக் கொண்டாந்திருக்கேன் தாயி. இதத் தேச்சுக் குளிப்பாட்டு. மூக்க நல்லா நீவி விடு, அப்பன் மூக்கு மாதிரி சப்பையாப் போயிரப் போகுது."

"மூக்கையெல்லாம் நீவக் கூடாதும்மா. மாவ வீட்டுக்குப் போயித் தேய்ங்க" என்றாள் நாகவல்லி.

"ஏன் அத்தே, என் மூக்குக்கு என்ன கொறச்சல்?" என்றான் அருள்.

"கொறச்சல்னு யாரு சொன்னா? கூடுதலாத்தேன் இருக்கு, அகலத்துல."

சத்தியப்பிரியா தையல் வலியோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துணியை அவிழ்த்ததும் அதன் நெஞ்சுக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது. நகக்கண்கள் ஊதா நிறமாக இருந்தன. வேறு யாரும் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நாகவல்லி குழந்தையை இடது முன்கையில் கிடத்தி, ஈரப்பஞ்சால் கண்ணைத் துடைத்து, கழுத்து மடிப்பு, கக்கம் என்று ஒவ்வொன்றாகக் கழுவி, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அருளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். தலைக்கு வரும்போது பொன்னழகு குறுக்கிட்டாள்.

"இந்தா, நில்லு தாயி. தலைக்கு மொதத் தண்ணி அப்பன் வீட்டுப் பெரியவுகதேன் ஊத்தணும். எங்க வழக்கம். அண்ணே, வாங்க, நீங்க ஊத்துங்க."

நாகவல்லி ஒரு சின்ன எவர்சில்வர் செம்பில் வெந்நீர் மோந்து என் கையில் கொடுத்து, "மெதுவா ஊத்துங்கய்யா. மூக்குல போயிராம, பின்பக்கமா வழியணும்" என்றாள்.

கருத்தையா கைகளைக் கட்டிக்கொண்டு சிரித்தார். "ஊத்துங்க சம்பந்தி, வேணாங்கல. ஆனா வேதக்காரவுக தண்ணிய ஊத்திக்கிட்டே என்னத்தையோ முணுமுணுத்துப் பிள்ளைய அவுக பக்கம் இழுத்துக்கிருவாகளாம்ல? கேள்விப்பட்டேன்."

"என் வாக்கு மேல சந்தேகமா?"

"சேச்சே, வாக்கு மேல இல்ல சம்பந்தி. வாய் மேலதேன்."

அருள் சிரித்துவிட்டான். சத்தியப்பிரியா, "அப்பா, சும்மா இருக்கீகளா" என்று அதட்டினாள்.

என் முதுகு நிமிர்ந்துவிட்டது. அது என் பழக்கம். கட்டில் ஓரத்துச் சின்ன மேஜையில் குடிதண்ணீர் டம்ளர் இருந்தது. எடுத்தேன். ஒரு வாய் நிறையத் தண்ணீரை வாங்கி, விழுங்காமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். வாயில் தண்ணீர் இருக்கிறவனால் எதைச் சொல்ல முடியும்?

கருத்தையாவின் சிரிப்பு போய்விட்டது. "அட, என்ன சம்பந்தி இது? வெளையாட்டுக்குச் சொன்னா..."

அவருக்குப் பதில் சொல்வதற்காக மட்டும் நான் அதைச் செய்யவில்லை. அந்தச் செம்பைக் கையில் வாங்கியதுமே வார்த்தைகள் என் நாக்கில் வந்து நின்றுவிட்டன. தண்ணீரைச் சரித்தால் நாக்கு தானாகப் புரண்டுவிடும் என்று பயந்தேன். என் வாயை நானே அடைக்க வேண்டியிருந்தது.

ஊற்றினேன். நூல்போல ஒரு தாரை உச்சியில் விழுந்து, பிடரி வழியாக இறங்கியது. குழந்தை வீரிட்டு அழுதது. இரண்டாவது அழுகைக்கு மூச்சை இழுத்தது. அந்த அழுகை வரவில்லை.

வாய் திறந்தபடி இருந்தது. உதட்டிலிருந்து கறுப்பு பரவி மூக்கைச் சுற்றி, நெற்றிக்கு ஏறியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முகம் முழுவதும் ஈய நிறம் ஆகிவிட்டது. கைகள் தொங்கின.

நாகவல்லி குழந்தையை வெளியே எடுத்துத் துண்டில் போட்டு முதுகைத் தேய்த்தாள். "அண்ணே, ஓடுங்க! டாக்டரக் கூட்டியாங்க, ஆக்ஸிஜன் கொண்டாரச் சொல்லுங்க!"

அருள் ஓடினான். பொன்னழகு வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள். "ஐயனாரே, ஐயனாரே..."

நான் செம்போடு நின்றேன். துப்பியிருக்கலாம். தரையில் துப்பிவிட்டு அந்த நாலு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம். தண்ணீர் விழுந்துவிட்டது. சொல் மட்டும் விழவில்லை. சொல் இல்லாத தண்ணீர் வெறும் குளியல். கள்ளிப்புதர் கண்ணுக்குள் வந்தது. ஓலைப்பாய் வந்தது. அப்போதும் நான் துப்பவில்லை. நான் வாக்குக் கொடுத்த மனிதர் எதிரே நின்றுகொண்டிருந்தார். அவர் கண்முன்னால் என் வாய் திறக்க மறுத்தது.

கருத்தையா குழந்தையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் வியாபாரியும் இல்லை, சம்பந்தியும் இல்லை.

"துப்புங்க சம்பந்தி! அது என்னமோ சொல்லுவீகளே, அதச் சொல்லுங்க! பிள்ள போகுது, சொல்லுங்க!"

அவரே என் வாக்கின் கட்டை அவிழ்த்துவிட்டார். நான் அவசரமாக விழுங்கினேன். தண்ணீர் மூச்சுக்குழலில் ஏறிவிட்டது. புரையேறி, கண் பிதுங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினேன். ஒரு எழுத்துகூட வெளியே வரவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கையை ஆட்டினேன். என்னால் முடியவில்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

"என்ன சொல்லணும்? யாராச்சும் சொல்லுங்க, நா சொல்றேன்!"

கட்டிலிலிருந்து சத்தியப்பிரியாவின் குரல் வந்தது. கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்தவள் அவள். எழ முயன்று, தையல் இழுத்து, மறுபடி தலையணையில் விழுந்து, கூரையைப் பார்த்துக்கொண்டே கத்தினாள். "அப்பா, தண்ணிய நெத்தியில ஊத்திக்கிட்டே சொல்லுங்க. தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே..."

கருத்தையா டப்பில் கையை விட்டுத் தண்ணீரை அள்ளினார். "தந்தை, மகன்... ஆவியா? ஆவின்னா என்னத்தா, பேயா?"

"இல்லப்பா! தூய ஆவி! தூய ஆவியின் பெயராலே!"

"தூய ஆவி பேரால..."

"நான் உனக்குத் திருமுழுக்குக் கொடுக்கிறேன்."

"முழுக்கா?" அந்தச் சொல் அவருக்குத் தெரிந்த சொல். அதைப் பிடித்துக்கொண்டார். "முழுக்குத்தேன? நா உனக்கு முழுக்குக் குடுக்கிறேன்யா. திருமுழுக்குக் குடுக்கிறேன். எந்திரிய்யா, கண்ணத் தொறய்யா!"

"தள்ளுங்கய்யா அங்குட்டு!" என்று நாகவல்லி தோளால் அவரை இடித்தாள். ஆனால் அதற்குள் அவருடைய உள்ளங்கைத் தண்ணீர் குழந்தையின் நெற்றியில் வழிந்துவிட்டது.

டாக்டரம்மா வந்தார். ஆக்ஸிஜன் வந்தது. குழந்தையின் இரண்டு முழங்கால்களையும் நெஞ்சோடு மடக்கிப் பிடித்துக்கொண்டு, மூக்கருகே குழாயை வைத்து, "வாடா, வாடா" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஒரு பூனைக்குட்டி முனகுவதுபோல் சத்தம் வந்தது. கறுப்பு முகத்தை விட்டு இறங்கி உதட்டில் வந்து நின்றது. உதட்டை விட்டுப் போகவில்லை.

"இது நெஞ்சுல உள்ள கோளாறு. இனிமே இங்க வச்சிருக்கக் கூடாது" என்றார் டாக்டரம்மா. "மதுரைக்கு இப்பவே கெளம்புங்க. வழியில மறுபடி இப்படி வரலாம். நாகவல்லி கூட வருவா."

சத்தியப்பிரியா வர முடியாது. தையல் போட்ட உடம்பு. குழந்தையை அவள் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினார்கள். அவள் தொடவில்லை. தொட்டால் அழுது மறுபடி கறுத்துவிடும் என்று கையை முதுகுக்குக் கீழே வைத்துக்கொண்டாள். "மாமா, நீங்க கூடப் போங்க" என்றாள் என்னிடம். அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி வேனைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். நானும் கருத்தையாவும் வாசல் நடையில் நின்றோம். அவருடைய சட்டைக்கை இன்னும் ஈரமாக இருந்தது.

"சம்பந்தி, ஒண்ணு கேக்கிறேன். மறைக்காமச் சொல்லணும். நா சொன்னது செல்லுமா? நா உங்க ஆளு இல்லையே."

"செல்லும்" என்றேன். குரல் கீறலாக வந்தது. "சாகக் கெடக்கிற உசுருக்கு யாரு ஊத்தினாலும் செல்லும். வேதக்காரனாத்தான் இருக்கணும்னு இல்ல. கொடுக்கணும்னு மனசு இருந்தாப் போதும்."

"மனசு இருந்துச்சு" என்றார். ஈரச் சட்டைக்கையைப் பிழிந்தார். "அப்ப நா வாக்குத் தவறிட்டேன். வர்ற புரவி எடுப்புத் திருவிழாவுல மொத மரியாதைய எந்தக் கைய நீட்டி வாங்குறது? ஐயனார் கேக்க மாட்டாரா? எங்க பங்காளிக கேக்க மாட்டானுகளா?"

பங்காளி அந்த நேரத்திலேயே வந்துவிட்டார். உடையப்பன் கையில் காபி ஃபிளாஸ்க்கோடு படியேறினார். சத்தம் கேட்டு முன்னாடியே அறை வாசல்வரை வந்து, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பியவர்போல் இருந்தது. முகம் இறுகியிருந்தது.

"பிள்ள எப்படி இருக்கு?"

"மதுரைக்குக் கொண்டு போறோம்" என்றார் கருத்தையா.

"உள்ள தூய ஆவி, முழுக்குன்னு கத்துன சத்தம் வராந்தா முச்சூடும் கேட்டுச்சே. யாரு ஓதுனது?"

கருத்தையா வாயைத் திறந்தார். அவர் பொய் சொல்லக்கூடியவர் இல்லை என்பது எனக்குத் தெரியும். விலையில் கூட்டுவார், குறைப்பார். இதில் பொய் சொல்ல மாட்டார்.

"நான்தான்" என்றேன்.

உடையப்பன் என் பக்கம் திரும்பினார். "நீங்களா?"

"ஆமா."

"சம்பந்தம் பேசுன அன்னைக்கு எந்திரிச்சு நின்னு, நாங்களும் தொடமாட்டோம்னு சொன்னது நீங்கதான? நா சாட்சிக்கு இருந்தேனே."

"நான்தான் சொன்னேன். நான்தான் மீறினேன்."

"ஒரு வாத்தியாருக்கு வாக்கு இவ்வளவுதானா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு என்னத்தச் சொல்லிக்குடுத்த நீ?"

'நீ' என்றார். எனக்கு மீசை முளைத்ததற்குப் பிறகு, என் தகப்பனாரைத் தவிர வேறு எந்த ஆணும் என்னை அப்படிச் சொன்னதில்லை. வராந்தாவில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒருவன் என்னிடம் படித்தவன். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். முதுகு தானாக நிமிர்ந்தது.

"ஊருக்குள்ள சொல்லுவேன்" என்றார் உடையப்பன்.

"சொல்லுங்க."

"உடையப்பா, அவுக..." என்று தொடங்கினார் கருத்தையா.

"சம்பந்தி, வண்டி வந்திருச்சு. ஏறுங்க" என்று அவர் முழங்கையைப் பிடித்தேன். பிடி கொஞ்சம் பலமாகவே இருந்திருக்க வேண்டும். அவர் மேலே பேசவில்லை.

வேனில் நாகவல்லி குழந்தையை மடியில் குறுக்காக வைத்து, கால்களை மடக்கிப் பிடித்தபடி உட்கார்ந்தாள். ஆக்ஸிஜன் உருளை உருளாமல் அருள் அதைத் தன் இரண்டு பாதங்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டான். எதிர் இருக்கையில் நானும் கருத்தையாவும் தொடை ஒட்ட உட்கார்ந்தோம். திருப்பத்தூர் சாலையில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். குறைக்கும்போதெல்லாம் நேரம் போகிறதே என்று பதறியது. கூட்டும்போதெல்லாம் குலுங்குகிறதே என்று பதறியது.

பிள்ளையார்பட்டி விலக்கைத் தாண்டும்போது கருத்தையா என் காதருகே குனிந்தார்.

"பொய் சொல்லிட்டீகளே. உங்க சாமி கேக்காதா?"

"கேக்கும்."

"என்ன சொல்லுவீக?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். நாகவல்லி தலையைத் தூக்காமலே கையை உயர்த்தினாள்.

"பேசாதீகய்யா ரெண்டு பேரும். வண்டிச் சத்தத்துல பிள்ள மூச்சு கேக்க மாட்டேங்குது."

நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். இரண்டு பேரும் முன்னால் குனிந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, அந்தச் சின்ன மூச்சு வருகிறதா என்று கேட்டுக்கொண்டே போனோம். வந்தது. பிறகு கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டு, மறுபடி வந்தது.